தலையணையை மாற்றினால் தலைவலி தீருமா?

விமானக் கம்பெனிகளின் எஜமானர்கள் திடீரென்று வைத்தியர்களாக மாறிவிட்டார்கள்! தங்கள் ஊழியர்களுக்கு 'மன அழுத்தம்' என்ற வியாதி வந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, மருந்துச் சீட்டும் எழுதி நீட்டுகிறார்கள். மூச்சை நன்றாக இழுத்து விடு. பத்து நிமிஷம் கண்ணை மூடி உட்கார். நேரத்தைத் திட்டமிட்டுச் செலவு செய். நல்லதையே நினை. தண்ணீர் நிறையக் குடி. இவ்வளவுதான் மருந்து!

மூச்சுப் பயிற்சிக்கு நாம் விரோதிகள் அல்ல. கண்ணை மூடி உட்காருவதால் யாருக்கும் கேடு வந்துவிடாது. நாம் கேட்பது வேறு. இந்த நோய் ஊழியரின் மண்டைக்குள் இருக்கிறதா, கம்பெனியின் ஆள் கணக்கில் இருக்கிறதா?

இதற்குப் பதில் காண, அந்த வேலை எப்படிப்பட்டது என்று முதலில் பார்ப்போம்.

பிரயாணி காண்பது விமானியையும் பணிப்பெண்ணையும்தான். இயக்கக் கட்டுப்பாட்டு அறையில் இராப்பகலாக உட்கார்ந்திருப்பவர்களை அவர் காண்பதில்லை. எந்தப் பாதையில் பறப்பது, எவ்வளவு எரிபொருள் ஏற்றுவது, இறங்குமிடத்தில் மூடுபனி என்றால் எந்த ஊருக்குத் திருப்புவது என்று கணக்கிடுபவர் ஒருவர். எந்த விமானத்துக்கு எந்த விமானி, அவருடைய வேலை நேரம் எப்பொழுது முடிகிறது என்று பார்ப்பவர் இன்னொருவர். ஆட்களும் சாமானும் ஏறிய பின் விமானத்தின் பாரம் சமமாக இருக்கிறதா என்று கணக்குப் போடுபவர் மற்றொருவர். வெயிலிலும் மழையிலும் நின்று, வந்த விமானத்தை அரைமணி நேரத்தில் மறுபடி கிளப்பி அனுப்புகிறவர்கள் வேறு.

ஒரு விமானம் ஒரே நாளில் நான்கைந்து ஊர் போய் வருகிறது. காலையில் டில்லியில் மூடுபனியால் இரண்டு மணி தாமதமானால், அந்தத் தாமதம் இரவுவரை ஊர் ஊராகத் தொடர்கிறது. இடையில் விமானியின் வேலை நேரம் தீர்ந்துபோகும். மாற்று விமானி வேண்டும். கையிருப்பில் ஆள் இருந்தால் இது ஒரே ஒரு டெலிபோன் வேலை. ஆள் இல்லையென்றால்? லீவில் இருப்பவரை எழுப்ப வேண்டும், ஓய்வில் இருப்பவரிடம் கெஞ்ச வேண்டும், மேலதிகாரியின் அதட்டலைக் கேட்க வேண்டும், நிலையத்தில் கொதிக்கும் ஜனங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். நெஞ்சு படபடப்பது இங்கேதான்! நியமிக்கப்படாத ஆளின் சுமை, நியமிக்கப்பட்ட ஆளின் தலையில் ஏறுகிறது. இதற்குக் கம்பெனி சூட்டியிருக்கும் பெயர்தான் 'மன அழுத்தம்'.

இது வெறும் வாதமல்ல. நாடு முழுவதும் கண்ட காட்சி.

2024 ஜனவரியில் சிவில் விமானப் போக்குவரத்து டைரக்டர் ஜெனரல் அலுவலகம் விமானிகளின் வேலை நேரத்துக்குப் புது விதிகளை வெளியிட்டது. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்ந்தது. இரவில் ஆறு முறை தரையிறக்கலாம் என்றிருந்தது இரண்டாகக் குறைந்தது. அந்த ஆண்டு ஜூன் 1-ல் அமலாக வேண்டிய விதிகள் இவை. கம்பெனிகள் கூக்குரலிட்டன, விதிகள் தள்ளிப்போயின. விமானிகளின் சங்கங்கள் டில்லி ஹைகோர்ட்டின் படியேறிய பிறகே, 2025 ஜூலை 1, நவம்பர் 1 என்று இரண்டு தவணைகளில் அவை நடைமுறைக்கு வந்தன.

பிறகு நடந்தது என்ன? 2025 டிசம்பர் முதல் வாரத்தில் நாட்டின் மிகப்பெரிய விமானக் கம்பெனியான இண்டிகோ நிலைகுலைந்தது. டிசம்பர் 5-ந் தேதி ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட விமானங்கள் ரத்து! கல்யாணத்துக்குப் போகிறவர், சாவுக்குப் போகிறவர், பரீட்சைக்குப் போகிறவர் எல்லோரும் விமான நிலையத் தரையில் கிடந்தார்கள். அவர்களுடைய கோபம் யார்மீது விழுந்தது? டைரக்டர்கள் மீதா? இல்லை. கவுண்டரில் நின்ற சாதாரண ஊழியர்கள் மீது! விமானம் எப்பொழுது கிளம்பும் என்பது அவர்களுக்கே தெரியாது. அன்று அந்த ஊழியர்களிடம் 'மூச்சை இழுத்து விடுங்கள்' என்று சொல்ல எந்த எஜமானருக்குத் துணிவு இருந்தது?

சர்க்கார் செய்தது என்ன? அதே டிசம்பர் 5-ந் தேதி, வார ஓய்வுக்குப் பதிலாக லீவைக் கழிக்கக் கூடாது என்ற விதியை வாபஸ் வாங்கியது. இரவு வேலைக் கட்டுப்பாடுகளிலிருந்து இண்டிகோவுக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கும் அளித்தது. ஆளை நியமிக்காதவனுக்குச் சலுகை. ஓய்வு கேட்டவனுக்குப் பட்டை நாமம்!

'ஆள் கிடைக்கவில்லை, செலவு கட்டாது' என்பார்கள். பச்சைப் பொய்! விதி வெளியான நாளுக்கும் முழுமையாக அமலான நாளுக்கும் இடையே ஏறத்தாழ 22 மாதம். ஆள் எடுத்துப் பயிற்சி கொடுக்க அது போதாதா? 2024-25-ல் அந்தக் கம்பெனி ஈட்டிய நிகர லாபம் 7,200 கோடி ரூபாய்க்கு மேல். பணமும் இருந்தது, காலமும் இருந்தது. மனம்தான் இல்லை.

களைப்பு ஊழியரின் சொந்தக் கஷ்டம் மட்டுமல்ல, பிரயாணியின் உயிர்ப் பிரச்னை. 17 மணி நேரம் தூங்காமல் இருந்தவர், ரத்தத்தில் 0.05 சதவீதம் சாராயம் ஏறியவரைப் போலவே தடுமாறுகிறார் என்று 1997-ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். விமானி குடித்திருக்கிறாரா என்று ஊதச் சொல்லிப் பார்க்கிறார்கள்; அது சரியே. அவர் தூங்கினாரா என்று பார்க்கும் கருவி எங்கே?

2002 ஜூலை 1 இரவு ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகரத்துக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதின. 71 பேர் மாண்டனர். பெரும்பாலோர் ரஷ்யப் பள்ளிப் பிள்ளைகள். அந்த ஆகாயப் பகுதியை நடத்தியது ஜூரிச்சிலுள்ள போக்குவரத்துக் கட்டுப்பாட்டு நிலையம். அன்றிரவு அங்கே ஒரே ஆள் இரண்டு மேஜைகளைக் கவனித்தார். இன்னொருவர் ஓய்வுக்குப் போயிருந்தார்; இது நிர்வாகம் அறிந்து அனுமதித்த வழக்கம். பராமரிப்பு வேலை என்று பிரதான டெலிபோனும் எச்சரிக்கைக் கருவியும் நிறுத்தப்பட்டிருந்தன. அந்த ஒற்றை மனிதர் தியானம் பழகியிருந்தால் 71 உயிர் பிழைத்திருக்குமா? இரண்டாவது மேஜையில் ஓர் ஆள் இருந்திருந்தால் பிழைத்திருக்கலாம்! 2007-ல் சுவிஸ் நீதிமன்றம் அந்த நிறுவனத்தைச் சேர்ந்த நால்வரைக் குற்றவாளிகள் என்று தீர்த்தது.

அப்படியானால் வழி என்ன? 2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் ஊழியர்கள் அதைக் காட்டினார்கள். நிர்வாகத்தின் பாரபட்சத்தால் மனம் கசந்த 200-க்கு மேற்பட்ட பணியாளர்கள் ஒரே சமயத்தில் உடல்நலமில்லை என்று லீவு எழுதினார்கள். டாடா நிர்வாகம் சுமார் 25 பேரை வேலையிலிருந்து விரட்டியது. ஆனால் மே 9-ந் தேதி டில்லியில் தலைமை லேபர் கமிஷனர் முன்னால் சங்கம் உட்கார்ந்து பேசியதும், விரட்டியவர்களைத் திரும்ப எடுத்துக்கொள்ள நிர்வாகம் சம்மதித்தது. எந்த மனநல வகுப்பும் செய்யாத காரியத்தை ஒற்றுமை ஒரே நாளில் செய்தது.

ஆகவே நாம் கேட்கிறோம். அவசரத்துக்குக் கைகொடுக்கும் மாற்று ஆட்களை ஒவ்வொரு ஷிப்டிலும் கட்டாயமாக வை! 2024-ம் ஆண்டு விதிகள் விமானிகளுக்கானவை. தரையில் உழைப்பவருக்கும் வேலை நேர வரம்பைச் சட்டமாக்கு! அமெரிக்காவில் விமானத்தைக் கணக்கிட்டு அனுப்பும் ஊழியரைச் சாதாரணமாகத் தொடர்ந்து பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. முதலாளித்துவ அமெரிக்காவில் முடிவது இங்கே ஏன் முடியாது? களைத்துப்போனேன் என்று எழுதிக் கொடுப்பவரைத் தண்டிக்காதே! ஷிப்ட் பட்டியல் போடும்போது சங்கத்தைக் கூப்பிட்டுப் பேசு! காண்ட்ராக்ட் ஊழியருக்கும் இதே உரிமையைக் கொடு!

விமான ஊழியத் தோழர்களே! உங்களுக்குத் தூக்கம் வராதது உங்கள் மனத்தின் பலவீனமல்ல. அடுத்த முறை வகுப்பு எடுக்க வருகிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஐயா, எங்கள் ஷிப்டில் எத்தனை பேர் இருக்க வேண்டும், எத்தனை பேர் இருக்கிறோம்?" பதில் வரும்வரை சேர்ந்தே கேளுங்கள். தலையணை போதும், ஆளை அனுப்பச் சொல்லுங்கள்!