வீட்டில் யார் சொல்லிக் கொடுப்பது?

ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடம் திறக்கிறது. செப்டம்பரில் முதற் பருவப் பரீட்சை முடிகிறது. மார்க்கு வந்ததும் பெற்றோரை வரச் சொல்லி அனுப்புகிறார்கள். ரிங் பிரேமில் வேலை செய்யும் ஒரு தாய், அரை நாள் கூலியை இழந்து போய் நிற்கிறாள். பையனின் நோட்டைப் புரட்டிக் காட்டுகிறார் ஆசிரியை.

"ஏனுங்கம்மா, வீட்டுல பையனைக் கவனிக்கறதே இல்லீங்களா?"

"நான் கைநாட்டுங்க, டீச்சர்."

அத்துடன் பேச்சு முடிந்துவிடுகிறது. தாய் தலை குனிந்து வெளியே வருகிறாள்.

சிங்காநல்லூரிலும் சோமனூரிலும் பல்லடத்திலும் திருப்பூரிலும் நமது குடும்பங்கள் நன்கு அறிந்த காட்சி இது. அந்தத் தாய் எதற்காகத் தலை குனிய வேண்டும்? குற்றம் அவளுடையதுதானா? இந்தக் கேள்வியை இந்த வாரம் தொழிலாளர் குடும்பங்களின் முன் வைக்கிறோம்.

ஒரே வகுப்பு, முப்பது வீடுகள்

முப்பது குழந்தைகள் உட்கார்ந்திருக்கும் ஒரு மூன்றாம் வகுப்பை எண்ணிப் பாருங்கள். ஒரு குழந்தையின் தகப்பன் மில்லில் இரவு ஷிப்ட். குழந்தை பள்ளி விட்டு வரும்போது அவர் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருப்பார். இன்னொரு குழந்தையின் தாய் முதல் ஷிப்ட். குழந்தை கண் விழிக்கும் முன்பே அவள் மில் கேட்டுக்குள் நுழைந்திருப்பாள். மூன்றாவது குழந்தையின் வீட்டில் தாயும் தகப்பனும் பனியன் கம்பெனியில் ஓவர்டைம் பார்த்து இரவு எட்டு மணிக்கு மேல் திரும்புகிறார்கள். நாலாவது குழந்தை ஒடிசாவிலிருந்து பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளை. வீட்டில் பேசுவது ஒரு பாஷை, புஸ்தகத்தில் இருப்பது வேறொரு பாஷை. பெற்றவர்கள் படித்தவர்களாகவே இருந்தாலும் அவர்களால் தமிழ்ப் பாடம் சொல்லித்தர முடியாது.

எல்லோருக்கும் ஒரே புஸ்தகம், ஒரே பருவம், ஒரே பரீட்சை. ஆனால் சாயங்காலம் நாலு மணிக்குப் பிறகு எல்லோருக்கும் ஒரே வீடு அல்ல. படித்த தகப்பன் உள்ள பிள்ளைக்கும், டியூஷனுக்குப் பணம் கட்ட முடிந்த பிள்ளைக்கும் வீட்டில் இரண்டாவது ஆசிரியர் கிடைக்கிறார். நம் பிள்ளைக்கு வீட்டில் கிடைப்பது இடுப்பில் வைத்துக்கொள்ள ஒரு தம்பி. அப்படியானால் பருவ முடிவில் நடக்கும் பரீட்சை எதை அளக்கிறது? பிள்ளையின் மூளையை மட்டுமா? பெற்றோரின் ஷிப்டையும் கூலியையும் சேர்த்தேதான் அது அளக்கிறது.

2012-13ஆம் ஆண்டில் முப்பருவ முறை வந்தது. ஒரு வருஷத்துப் புஸ்தகம் மூன்றாகப் பிரிந்தது. பிள்ளையின் முதுகுச் சுமை குறைந்தது. இது நல்லதுதான். ஆனால் ஒரு பருவத்தில் பின்தங்கிய பிள்ளைக்காக அடுத்த பருவம் காத்திருப்பதில்லை. முதற் பருவத்தில் கூட்டல் பிடிபடாத பிள்ளையின் கையில் அக்டோபரில் அடுத்த புஸ்தகம் வந்துவிடுகிறது. தமிழுக்கு 247 எழுத்து. உயிர்மெய் வரிசையில் தடுக்கி விழுந்த பிள்ளை, பாடத்தின் ஒவ்வொரு வரியிலும் தடுக்கி விழுகிறது. இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்வது அறியாமை.

19 மாதம் நடந்த பரீட்சை

வீட்டையே பள்ளிக்கூடமாக்கினால் என்ன ஆகும் என்பதை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் மீண்டும் திறந்தன. இடையில் 19 மாதங்கள். பாடம் டெலிவிஷனிலும் கைப்பேசியிலும் வந்தது. வீட்டில் இருந்த ஒரே கைப்பேசியோ அப்பனோடு வேலைக்குப் போய்விட்டது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை அந்த மாதங்களிலும் படித்தது. நம் பிள்ளை படித்த எழுத்தையும் மறந்தது.

இந்தப் பள்ளத்தை அடைக்க 2021 அக்டோபரில் சர்க்கார் 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கியது. ஏறத்தாழ 2 லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் நம் ஊர்ப் பெண்கள், சாயங்கால வேளையில் திண்ணையிலும் கோயில் வாசலிலும் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தச் சகோதரிகளுக்கு நம் நன்றி உரியது. ஆனால் அவர்களுக்குக் கிடைத்த ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய் என்பதையும் மறக்க முடியாது. நாள் ஒன்றுக்கு 33 ரூபாய்! ஏழைப் பிள்ளையின் கல்விக் கடனை ஏழைப் பெண்ணின் உழைப்பைக் கொண்டே அடைக்கப் பார்த்தார்கள்.

2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. முதலில் 1 முதல் 3 வரையுள்ள வகுப்புகளுக்கு. அடுத்த ஆண்டு 4, 5 வகுப்புகளுக்கும். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பிரித்துப் பயிற்சி கொடுப்பது இதன் ஏற்பாடு. ஒரே வகுப்பில் உள்ள பிள்ளைகள் ஒரே படியில் நிற்கவில்லை என்பதைச் சர்க்காரே ஒப்புக்கொண்டது. இதை வரவேற்கிறோம். ஆனால் மூன்று நிலைப் பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் சொல்லிக்கொடுக்கப் போதிய ஆசிரியர்கள் எங்கே?

கட்டாயக் கல்விச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர் போதும் என்பது அதில் உள்ள கணக்கு. வகுப்போ ஐந்து! இரண்டு பேர் ஐந்து வகுப்பைக் கட்டி மேய்க்க வேண்டும். அந்த இருவரில் தலைமை ஆசிரியரும் அடக்கம். அவருக்கு ரிஜிஸ்தர் உண்டு, எமிஸ் பதிவு உண்டு, கூட்டம் உண்டு. ஒரே அறையில் மூன்று வகுப்பையும் வைத்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தும் ஆசிரியை, களைத்துப்போய் "வீட்டுல கவனிக்கறதே இல்லீங்களா?" என்று கேட்டால் அவர் மீது நமக்குக் கோபமில்லை. அவரும் சம்பளத்துக்கு உழைப்பவர்தான். அவர் கேட்ட கேள்வியோடு நாம் இன்னொரு கேள்வியைச் சேர்க்கிறோம்: பள்ளியில் கவனிக்க எத்தனை பேரை வைத்திருக்கிறீர்கள்?

பழைய பாடம்

பள்ளியின் பொறுப்பை வீட்டின் தலையில் கட்டும் யோசனை புதிதல்ல. 1953 ஜூனில் ராஜாஜி மந்திரிசபை கிராமப் பள்ளிகளில் ஒரு திட்டத்தைப் புகுத்தியது. பிள்ளைக்குப் பள்ளியில் நாளைக்கு மூன்று மணி நேரம்தான் படிப்பு. மீதி நேரம் வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். நெசவாளி மகன் தறியடியிலும் பண்ணையாள் மகன் மாட்டின் பின்னாலும் கிடக்கட்டும் என்பதே இதன் பொருள். குலக்கல்வி என்று ஜனங்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். மாகாணம் முழுவதும் எதிர்ப்புக் கிளம்பியது. காமராஜ் முதல் மந்திரியான பின், 1954 மே மாதத்தில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அப்போது கல்வி மந்திரியாக இருந்தவர் பொள்ளாச்சிப் பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம்.

சட்டம் போட்டு அன்று செய்ய முடியாததை இன்று வேலை நேரத்தைக் கொண்டு செய்யலாம். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டசபையில் 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் ஒன்றுபட்டு எதிர்த்தன. மே தினத்தன்று அது வாபஸ் பெறப்பட்டது. 12 மணி நேரம் மெஷின் முன் நின்ற தகப்பன் எந்த நேரத்தில் பிள்ளையின் நோட்டைப் பார்ப்பான்? எட்டு மணி நேர வேலைக்கான போராட்டம் பிள்ளையின் படிப்புக்கான போராட்டமும் ஆகும்.

வீட்டுக்கு உண்மையான உதவி எது என்பதற்கும் நம் கண்முன் உதாரணம் உண்டு. 2022 செப்டம்பர் 15ஆம் தேதி மதுரையில் காலைச் சிற்றுண்டித் திட்டம் தொடங்கியது. 2023 ஆகஸ்டு 25 முதல் மாநிலம் முழுவதும் சர்க்கார் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. விடியுமுன் ஷிப்டுக்கு ஓடும் தாய்க்கு இது எத்தனை பெரிய நிம்மதி! பசித்த வயிறு எந்த எழுத்தையும் ஏற்காது. வீட்டால் முடியாததைப் பொதுவில் செய்து கொடுப்பதுதான் ஆதரவு. வீட்டைக் குறை சொல்வது ஆதரவு ஆகாது.

நாம் செய்ய வேண்டியது

எல்லாப் பழியையும் பிறர் மேல் போட்டுவிட்டு நாம் ஒதுங்க முடியாது. சம்பள நாளில் சாராயக் கடையில் போகும் பணத்துக்கும், இரவெல்லாம் கைப்பேசியில் போகும் நேரத்துக்கும் நாமே பொறுப்பு. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்துவது நம் வீடுகளில்தான். இதை ஒப்புக்கொண்டு மேலே பேசுவோம்.

கைநாட்டு என்று கூச வேண்டாம். தினம் கால்மணி நேரம் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். எழுத்து தெரியாதவர்களுக்கும் காது உண்டு. பிள்ளை எங்கே திணறுகிறது என்பது காதுக்குத் தெரியும். மறுநாள் அதை ஆசிரியையிடம் சொல்லுங்கள். நூலின் கவுண்ட் கணக்கு தெரிந்த தாய், வள்ளமும் படியும் அளக்கத் தெரிந்த தகப்பன், வாரக் கூலியையும் மளிகைக் கடைச் சீட்டையும் பிள்ளையை வைத்துக் கூட்டிப் பார்க்கலாம். அதுவும் கணக்குப் பாடம்தான்.

ஆனால் இது வீட்டோடு நிற்கக் கூடாது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த நாற்காலிகள் நம்முடையவை. பெயருக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வராமல், வகுப்புக்கு ஓர் ஆசிரியர் வேண்டும் என்று தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். பெற்றோர் கூட்டத்துக்குப் போக சம்பளத்துடன் அரை நாள் லீவு வேண்டும் என்பதைத் தொழிற்சங்கங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கட்டும். சாயங்காலம் பூட்டிக் கிடக்கும் சங்க ஆபீசைத் திறந்து, ஒரு பாயை விரித்து, ஒரு விளக்கைப் போடுவோம். படித்த ஒரு வாலிபர் முன்வந்தால் அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு இரண்டாவது ஆசிரியர் கிடைத்துவிட்டார்.

1888இல் கோவையில் ஸ்டேன்ஸ் மில் எழும்பிய நாளிலிருந்து தலைமுறை தலைமுறையாக நாம் ஊருக்கெல்லாம் நூல் நூற்றுக் கொடுத்திருக்கிறோம். நம் பிள்ளைகளுக்கு எழுத்தைக் கொடு என்று கேட்க நமக்கு முழு உரிமை உண்டு.

அடுத்த பருவ முடிவிலும் அந்தத் தாயைப் பள்ளிக்கு அழைப்பார்கள். அப்போது அவள் தனியாகப் போக வேண்டாம். வளவுப் பெண்கள் பத்துப் பேர் கூடப் போகட்டும். "வீட்டில் முடிந்ததை நாங்கள் செய்கிறோமுங்க. பள்ளியில் ஆக வேண்டியதை எல்லோரும் சேர்ந்து கேட்போமுங்க, நீங்களும் வாங்க டீச்சர்" என்று தலை நிமிர்ந்து சொல்லட்டும்.