கெய்சர் மக்கர் பண்ணுகிறதா?

ஐப்பசி மழை ஆரம்பித்தால் போதும், கெய்சருக்கு மவுசு வந்துவிடும். குழந்தைக்கு வெந்நீர், மாமியாரின் முழங்கால் வலிக்கு வெந்நீர், ஆபீஸ் போகிறவருக்கு வெந்நீர். சரியாக அந்தச் சமயம் பார்த்துத்தான் அது மக்கர் பண்ணும். மெக்கானிக் வந்து மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "காயில் போயிடுச்சும்மா, தெர்மோஸ்டாட்டும் அவுட்டு. பேசாம புதுசு வாங்கிடுங்க" என்பார். உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாததால் நாமும் தலையாட்டிவிடுவோம்.

மெக்கானிக்குகள் எல்லாரும் ஏமாற்றுகிறவர்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் விஷயம் தெரிந்த வீட்டம்மா பக்கத்தில் நின்று இரண்டு கேள்வி கேட்டால், தேவையில்லாத செலவு தானாகவே குறையும்.

உள்ளே என்ன இருக்கிறது?

பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. தண்ணீர் நிற்க ஒரு டாங்க். அதைச் சூடாக்க ஒரு காயில், பெரும்பாலும் 2000 வாட்ஸ். சூடு போதும் என்றதும் கரண்டை நிறுத்த ஒரு தெர்மோஸ்டாட். அது வேலை செய்யாமல் போனால் காப்பாற்ற ஒரு கட்-அவுட். டாங்க் துருப்பிடிக்காமல் இருக்க, அதற்குப் பதிலாகத் தான் கரைந்து போகும் மெக்னீசியக் கம்பி ஒன்று. இதை ஆனோடு என்பார்கள். தண்ணீர் உள்ளே வரும் குழாயில் ஒரு சேஃப்டி வால்வு. ரிப்பேர் என்று வந்தால் அநேகமாக இந்த ஆறில் ஒன்றுதான்.

இவற்றில் தெர்மோஸ்டாட், காயில், வால்வு எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கும், தனித்தனியாக மாற்றலாம். டாங்க் ஓட்டையானால்தான் கஷ்டம்.

கூப்பிடும் முன் ஒரு நிமிடம்

முதலில் மெயின் போர்டில் எம்.சி.பி. விழுந்திருக்கிறதா பாருங்கள். அடுத்து வோல்டேஜ். 230 வோல்ட்டுக்குப் பதில் 180தான் வருகிறதென்றால், 2000 வாட்ஸ் காயில் 1200 சொச்சம் வாட்ஸ் வேலைதான் செய்யும். தண்ணீர் சூடாக நேரம் பிடிப்பது கெய்சரின் குற்றமில்லை. வோல்டேஜ் சரியாக இருந்தால், 15 லிட்டர் தண்ணீர் குளிக்கிற பதத்துக்கு வர சுமார் 20 நிமிடம் போதும்.

விளக்கு எரிகிறது, தண்ணீர் பச்சையாகவே இருக்கிறது என்றால் காயிலோ தெர்மோஸ்டாட்டோ கட்-அவுட்டோ காரணமாக இருக்கலாம். சில மாடல்களில் கட்-அவுட் விழுந்திருந்தால் ஒரு சின்னப் பொத்தானை அழுத்திவிட்டாலே சரியாகிவிடும். அதற்குப் பார்ட்ஸ் விலை கிடையாது. ஆனால் அது உள்மூடிக்குள் இருப்பதால் நாம் கைவைக்க வேண்டாம். திரும்பத் திரும்ப விழுந்தால் காரணத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

ஸ்விட்ச் போட்டதும் எம்.சி.பி. விழுகிறதா? காயிலில் ஷார்ட் ஆகியிருக்கலாம். குழாயைத் தொட்டால் சுரீர் என்கிறதா? உடனே மெயினை அணைத்துவிடுங்கள். காயில் வெடித்து கரண்ட் தண்ணீரில் இறங்குகிறது, எர்த்தும் சரியில்லை என்று அர்த்தம். "லேசாத்தானே அடிக்குது" என்று அன்றைக்குக் குளித்துவிடாதீர்கள். எலக்ட்ரீஷியனிடம் எர்த்தைச் சோதிக்கச் சொல்லி, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாவிட்டால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள். இந்தச் செலவில் மட்டும் கணக்குப் பார்க்க வேண்டாம்.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியவை

போனிலேயே கேளுங்கள்: "வந்து பார்க்க எவ்வளவு? ரிப்பேர் பண்ணினா அதைக் கழிச்சுப்பீங்களா?"

காயில் போய்விட்டது என்றால், "மீட்டர் வெச்சுக் காட்டுங்க தம்பி" என்று சொல்லுங்கள். நல்ல 2000 வாட்ஸ் காயில் சுமார் 26 ஓம்ஸ் காட்டும். அறுந்து போனதாக இருந்தால் மீட்டர் அசையவே அசையாது. தெர்மோஸ்டாட்டையும் இப்படியே சோதிக்கலாம். ஒன்று போனதற்காக இரண்டையும் மாற்றத் தேவையில்லை.

புதுப் பார்ட்டை சீல் பிரிக்காத பெட்டியோடு கேளுங்கள். எம்.ஆர்.பி. அதிலேயே இருக்கும். பழையதைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். பார்ட்ஸ் தனி, கூலி தனி என்று பில் போடச் சொல்லுங்கள். எத்தனை மாத கியாரண்டி என்பதும் அதில் இருக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் வாரண்டி கார்டைத் தேடி எடுங்கள். பல கம்பெனிகள் மொத்த கெய்சருக்கு ஒரு கெடு, காயிலுக்கு ஒரு கெடு, டாங்குக்கு அதைவிட நீண்ட கெடு என்று தருகின்றன. முதல் கெடு முடிந்துவிட்டது என்று நாமே காசு கொடுத்துவிடுகிறோம். டாங்குக்கு இன்னும் கெடு பாக்கியிருக்கும். தேதி போட்ட பில் இருந்தால்தான் செல்லும். கெடு இருந்தும் கம்பெனி தட்டிக்கழித்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

இந்தச் சிக்கனம் வேண்டாம்

தண்ணீர் சூடாகும்போது விரியும். அப்போது சேஃப்டி வால்விலிருந்து சில சொட்டுகள் விழுவது இயல்பு. அது தொல்லை என்று சிலர் எம்-சீல் வைத்து அடைத்துவிடுகிறார்கள். மிகப் பெரிய தப்பு! தெர்மோஸ்டாட்டும் கட்-அவுட்டும் ஒருநாள் சேர்ந்து மக்கர் பண்ணினால், அழுத்தம் வெளியேற வழியில்லாமல் டாங்க் வெடித்துவிடும். நிற்காமல் ஒழுகினால் புது வால்வு போடுங்கள். சில நூறு ரூபாயோடு போகும்.

கேஸ் கெய்சர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதைக் குளியலறைக்குள் மாட்டவே கூடாது. காற்றோட்டமில்லாத அறையில் அது எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. குளிக்கப் போனவர் மயங்கி உயிரிழந்த சம்பவங்கள் உண்டு. ரிப்பேருக்கு ஆள் வரும்போதே, வெளியே மாற்றிவிடச் சொல்லுங்கள்.

ரிப்பேரா, புதுசா?

காயில், தெர்மோஸ்டாட், வால்வு என்றால் தயங்காமல் ரிப்பேர் பண்ணுங்கள். டாங்க் ஒழுகி, வாரண்டியும் முடிந்திருந்தால் புதிது வாங்குவதே லாபம். ஒட்டுப் போட்ட டாங்க் நிற்காது. கெய்சருக்கு எட்டு, பத்து வயதாகி, ரிப்பேர் செலவு புதியதன் விலையில் பாதியைத் தாண்டினாலும் அப்படியே. வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் ஸ்டார் லேபிளையும் பார்த்து வாங்குங்கள்.

வருஷத்துக்கு ஒரு தரம்

போர் தண்ணீர் வீடுகளில்தான் காயில் அடிக்கடி போகிறது. தண்ணீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சூட்டில் படிந்து, காயில்மேல் சுண்ணாம்பு பூசினதுபோல் மூடிக்கொள்ளும். சூடு தண்ணீருக்குச் சட்டென்று போக முடியாமல் காயில் தனக்குள்ளேயே காய்ந்து அறுந்துவிடும். உப்புத் தண்ணீர் என்றால் வருஷத்துக்கு ஒரு முறை டாங்கைக் கழுவி, ஆனோடு கம்பியையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். கம்பி கரைந்து மெலிந்திருந்தால் மாற்றினால் போதும், டாங்க் பிழைக்கும். நாமே ஆசிட் ஊற்றிக் கழுவுகிற வேலை மட்டும் வேண்டாம்.

இதை ஆவணியிலேயே முடித்துவிடுங்கள். மழை தொடங்கிய பிறகு மெக்கானிக் கிடைப்பதும் கஷ்டம், பேரம் பேசுவதும் கஷ்டம். பில், வாரண்டி கார்டு, ரிப்பேர் செய்த தேதி எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு, கேஸ் புத்தகத்தோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.