வண்டல் மண் மட்டும் போதுமா?

"ஆறு இருந்தது, வளமான மண் இருந்தது, அதனால் நாகரிகம் பிறந்தது." மெசபடோமியா பற்றி பள்ளிக்கூடத்தில் இப்படித்தான் எழுதி ஐந்து மார்க் வாங்கினேன். இப்போது யோசித்தால் அது பாதி உண்மைதான். என்னைக் கேட்டால், சுமேரியர்களை உருவாக்கியது அந்த ஊரில் இருந்ததை விட இல்லாததுதான்.

முதலில் மழை. தென் ஈராக்கில் வருடத்துக்கு 200 மி.மீ. கூடத் தேறாது. மானாவாரி விவசாயத்தை மறந்துவிட வேண்டியதுதான். சரி, யூப்ரடீஸும் டைக்ரிஸும் இருக்கின்றனவே என்பீர்கள். அந்த வெள்ளம் வரும் நேரம் இருக்கிறதே! துருக்கி மலைகளில் பனி உருகி ஏப்ரல், மே மாதங்களில் வரும். பார்லி முற்றி அறுவடைக்கு நிற்கும் நேரம். விதைக்கும் காலத்திலோ ஆறு மெலிந்து கிடக்கும். எகிப்துக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். நைல் கோடையில் பெருகி, விதைப்புக்கு முன் வடிந்து, ஈர மண்ணை விட்டுவிட்டுப் போய்விடும்.

ஆக, சுமேரியர்களுக்குக் கரை வேண்டும், வாய்க்கால் வேண்டும், வருடா வருடம் தூர் வார ஆள் வேண்டும், அந்த ஆட்களுக்குக் கூலியாகப் பார்லி அளக்க வேண்டும். போதாததற்கு அங்கே நல்ல கல் இல்லை, கட்டட மரம் இல்லை, உலோகம் இல்லை. செம்பு ஓமான் பக்கமிருந்து வந்தது, லாபிஸ் லசூலி என்ற நீலக்கல் ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தது. பதிலுக்குக் கொடுக்க இருந்தது தானியமும் கம்பளித் துணியும்தான்.

இவ்வளவையும் எத்தனை நாள் மனசிலேயே வைத்திருக்க முடியும்? கி.மு. 3200 வாக்கில் ஊருக் நகரத்தில் களிமண் பலகைகளில் எழுத ஆரம்பித்தார்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை வரவு செலவுக் கணக்கு! அந்தக் காலத்துப் பலகை ஒன்றில் 37 மாதங்களுக்கு 29,086 அளவு பார்லி என்று எழுதி 'குஷிம்' என்று போட்டிருக்கிறது. அது ஆளின் பெயரா, பதவியின் பெயரா என்று தெரியவில்லை. எழுத்து கவிதைக்காகப் பிறந்தது என்று நம்பும் இலக்கிய மாணவர்கள் மன்னிக்கவும், பி.காம். ஆளுக்கு இதைவிட சந்தோஷம் ஏது :-)

ஆனால் அதே வாய்க்கால்தான் பின்னால் வினையாகவும் வந்தது. வடிகால் சரியில்லாத நிலத்தில் பாய்ச்சிக்கொண்டே இருந்தால், தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். கோதுமை குறைந்து, உப்பைக் கொஞ்சம் தாங்கும் பார்லி மட்டும் மிஞ்சியதற்கு இதுதான் காரணம் என்று 1958-ல் ஜேக்கப்சனும் ஆடம்ஸும் எழுதினார்கள். உப்பு மட்டுமேவா என்று இன்னும் வாதம் நடக்கிறது. உப்புக்கு ஒரு பங்காவது உண்டு என்பது என் கட்சி.

பார்லியை அளந்து அளந்து எழுதிய குஷிம், மண் கெடுவதை எந்தப் பத்தியில் எழுதியிருப்பார்? நமக்கும்தான் இயந்திரத்துக்குத் தேய்மானம் உண்டு, கட்டடத்துக்கு உண்டு, நிலத்துக்குக் கிடையாது என்று முதல் வருடமே சொல்லிக் கொடுத்தார்கள். ஏன் கிடையாது என்று கேட்கத்தான் ஆசை. சார் முறைப்பார்.