வெட்டாதேங்கோ, வளையம் போடுங்கோ

எங்கட கூட்டத்தில இருக்கிற ஒருத்தி ஒரு நாள் தன்ர அப்பப்பாவின்ர கமராவைக் கொண்டு வந்தாள். கீவ்-4. தோல் உறை முழுக்கப் பூஞ்சணம். ஷட்டர் இறுகிக் கிடக்கு. ஆனால் முன்னுக்கு இருக்கிற ஜுபிட்டர்-8 லென்ஸின்ர கண்ணாடி நல்ல சுத்தம். அவளிட்ட ஒரு பழைய சோனி மிரர்லெஸ் கமரா இருக்கு. அதின்ர கிட் லென்ஸ் பழுதாகி மூண்டு மாசம். இந்த லென்ஸை அந்தக் கமராவில போடேலுமோ என்று கேட்க ஒரு திருத்துற கடைக்குப் போனோம். கடைக்காரர் கீவைத் திறந்துகூடப் பார்க்கேல்லை. "பொடி செத்துப்போச்சு. முன்பக்கத்தை வெட்டி எடுத்தால் அதையே அடப்டரா ஆக்கலாம். மிச்சத்தை எறியுங்கோ" என்றார்.

வீட்டுக்கு வந்து அப்பம்மாவிடம் கேட்டோம். "வெட்டுறதெண்டால் வெட்டுங்கோ பிள்ளையள். எனக்கு முன்னால வெட்டாதேங்கோ" என்றா.

அந்த இரண்டு பதிலுக்கும் இடையில நின்றுதான் இதை எழுதுறோம். எங்கட நிலைப்பாட்டை முதலே சொல்லிவிடுறோம். பழைய ரேஞ்ச்பைண்டர் லென்ஸைப் புதுக் கமராவில போடலாம். அலுமாரிக்குள்ள சும்மா கிடக்கிற லென்ஸ் என்றால் போடத்தான் வேணும். ஆனால் திரும்பப் பழையபடி ஆக்க முடியாத எந்த வேலையையும் செய்யக் கூடாது. இதை ஒத்துக்கொள்ளாத மூன்று வகை ஆக்களோடதான் எங்கட சண்டை.

முதலாவது ஆக்கள், "அந்தந்தக் கமராவுக்கு அந்தந்த லென்ஸ்தான், மற்றதெல்லாம் கூத்து" என்கிறவை. கலியாண வீடுகளில, பயிற்சிப் பட்டறைகளில இவையைக் காணலாம். உங்கட கமராவில ஒரு வளையத்தையும் அதுக்கு முன்னால ஒரு பழைய உலோகக் குழாயையும் கண்டால் சிரிப்பினம். இவைக்குக் கமராவின்ர வரலாறு தெரியாது. லைக்கா கம்பனி 1954ல் எம்3 கமராவைக் கொண்டுவந்தபோது, அதுவரை இருந்த 39 மிமீ திருகு மவுண்டை விட்டுட்டு எம் பயனெட் மவுண்டுக்கு மாறினது. ஆனால் ஆக்கள் வைத்திருந்த பழைய லென்ஸ்களைக் குப்பையில போடச் சொல்லேல்லை. திருகு மவுண்டில லென்ஸ் உட்காருற இடத்துக்கும் பிலிமுக்கும் இடையில 28.8 மிமீ தூரம். எம் மவுண்டில அது 27.8 மிமீ. சரியாக 1 மிமீ வித்தியாசம். ஒரு மில்லிமீற்றர் தடிப்பான வளையத்தைப் போட்டால் பழைய லென்ஸ் புதுக் கமராவில அப்படியே வேலை செய்யும். அந்த வளையத்தை லைக்காவே செய்து வித்தது. லைக்கா செய்தால் அது பொறியியல், நாங்கள் செய்தால் கூத்தோ?

இன்னும் ஒன்று. 1950ல் டேவிட் டக்ளஸ் டங்கன் என்ற அமெரிக்கப் படப்பிடிப்பாளர் தன்ர லைக்காவில ஜப்பானிய நிக்கோர் லென்ஸ்களைப் போட்டுக்கொண்டு கொரியப் போரைப் படம் எடுத்தார். அந்தப் படங்களால்தான் நிக்கோர் என்ற பேர் ஜப்பானுக்கு வெளியில பரவலாகத் தெரியவந்தது. ஒரு கம்பனியின்ர பொடியில இன்னொரு கம்பனியின்ர லென்ஸ் என்பது இந்தத் தொழிலின்ர பழைய வழக்கம். மவுண்ட் என்கிறது ஒளியியல் விதி இல்லை. பெரும்பாலும் அது ஒரு வியாபாரப் பூட்டு. 2018ல் வந்த கெனன் ஆர்எஃப் மவுண்டைப் பாருங்கோ. அதுக்கு வெளிக் கம்பனிகள் ஓட்டோபோகஸ் லென்ஸ் செய்யிறதைக் கெனன் பல வருசம் இறுக்கிப் பிடிச்சது. சிக்மாவும் டம்ரோனும் அனுமதியோட, அதுவும் ஏபிஎஸ்-சி சென்சருக்கு மட்டும், செய்யத் தொடங்கினது 2024ல்தான். பூட்டுப் போடுறவனுக்குக் காரணம் இருக்கு. அந்தப் பூட்டுக்காக நாங்கள் ஏன் வாதாட வேணும்?

ஒளியியல் விதி ஒன்று இருக்கத்தான் செய்யுது. அதையும் சொல்லிவிடுவோம். லென்ஸுக்கும் சென்சருக்கும் இடையில அந்த லென்ஸ் கேட்கிற தூரம் இருக்க வேணும். டிஎஸ்எல்ஆர் கமராவுக்குள்ள கண்ணாடி ஒன்று மடங்கி எழும்ப இடம் வேணும்; அதனால கெனன் இஎஃப் மவுண்டில அந்தத் தூரம் 44 மிமீ, நிகொன் எஃப் மவுண்டில 46.5 மிமீ. 28.8 மிமீ கேட்கிற லென்ஸை அங்க போட்டால் மிகக் கிட்ட இருக்கிற பொருள் மட்டும்தான் தெளியும், தூரத்தில உள்ளது ஒருக்காலும் தெளியாது. ஆகவே உங்களிட்ட டிஎஸ்எல்ஆர்தான் இருக்கென்றால் ரேஞ்ச்பைண்டர் லென்ஸ் வாங்கிக் காசைக் கரைக்காதேங்கோ. மிரர்லெஸ் கமராவில கதை வேற. சோனி இ மவுண்டில 18 மிமீ, புஜி எக்ஸில 17.7, நிகொன் இசட்டில 16, கெனன் ஆர்எஃப்பில 20. சோனிக்கு 28.8இல் 18 போக மிச்சம் 10.8 மிமீ. அந்த 10.8 மிமீக்குள்ள ஒரு வெறும் உலோக வளையம். அதுக்குள்ள கண்ணாடியும் இல்லை, மின்சாரமும் இல்லை. அடப்டர் என்றால் இவ்வளவுதான்.

இரண்டாவது ஆக்கள் நேர் எதிர்ப்பக்கம். "பழைய சோவியத் லென்ஸில உயிர் இருக்கு, ஆத்மா இருக்கு" என்று சொல்லி விக்கிறவை. இவையில எங்கட வயதுப் பெடியளும் பெட்டையளும்தான் அதிகம், அதனால இவையோட கொஞ்சம் கூடவே கோபம். ஜுபிட்டர்-8 நல்ல லென்ஸ். லுட்விக் பெர்ட்டலே 1930களின் தொடக்கத்தில் சைஸ் நிறுவனத்துக்காக வடிவமைச்ச சொனார் லென்ஸின்ர சோவியத் வாரிசு அது. ஆனால் அதை f/2இல் முழுசாத் திறந்தால் ஓரங்கள் மெதுவாக இருக்கும். வெயிலை நோக்கிப் பிடிச்சால் படம் வெளிறிப்போகும். f/5.6இல் வைச்சால் கூர்மை வரும், அப்ப மற்ற எந்த நல்ல 50 மிமீ லென்ஸும் எடுக்கிற படத்தைத்தான் அதுவும் எடுக்கும். வெளிறல் சில படத்துக்கு வடிவு. எல்லாப் படத்துக்கும் அதுவே வேணும் என்றால் அது பார்வை இல்லை, பழக்கம். லென்ஸில ஆத்மா இருக்கென்று சொல்லிச் சொல்லியே விலையை ஏத்திவிட்டு, காசில்லாதவன் கையில வரக்கூடிய கடைசிச் சாமானையும் சேகரிப்பாளர் அலுமாரிக்குள்ள கொண்டுபோய் வைச்சிட்டினம்.

இவை சொல்லாமல் விடுற விசயங்களும் இருக்கு. 35 மிமீக்குக் குறைஞ்ச அகல லென்ஸ்களைப் போடேக்க ஓரங்கள் கலங்கலாம். ரேஞ்ச்பைண்டர் லென்ஸின்ர பின்கண்ணாடி பிலிமுக்குக் கிட்ட இருக்கும், ஒளி ஓரங்களில சரிவாக விழும். பிலிமுக்கு அது பிரச்சினை இல்லை. டிஜிற்றல் சென்சருக்கு முன்னால ஒரு தடிச்ச கண்ணாடித் தட்டு இருக்கு, அது சரிவாக வாற ஒளியைக் குழப்பும். 50 மிமீ லென்ஸில இந்தத் தொல்லை குறைவு. ஜுபிட்டர்-12 என்ற 35 மிமீ லென்ஸின்ர பின்பக்கம் நீண்டு உள்ளே போகும். சில கமராக்களில உள்பக்கத்தில முட்டும். இறுகினால் பலாத்காரம் பண்ணாதேங்கோ. 39 மிமீ திருகு என்று சொன்னாலும் எல்லாம் ஒன்றில்லை: சோர்க்கி, ஃபெட் லென்ஸுகளுக்கு 28.8 மிமீ, ஆரம்பகால செனித் லென்ஸுகளுக்கு 45.2 மிமீ. திருகு அச்சொட்டாகப் பொருந்தும், போகஸ் மட்டும் வராது. விக்கிறவரிட்ட எந்தக் கமராவில இருந்து கழட்டினது என்று கேளுங்கோ.

மூன்றாவது ஆக்கள் வெட்டுறவை. இவையோடதான் எங்கட பெரிய சண்டை.

கீவ் கமராவில ஒரு சிக்கல் இருக்கு, அதைச் சரியாகச் சொல்ல வேணும். அதின்ர 50 மிமீ லென்ஸுக்குச் சொந்தமாகப் போகஸ் திருகு கிடையாது. லென்ஸை உள்ளும் வெளியும் நகர்த்துற திருகு கமராவின்ர முன்பக்கத்தில இருக்கு; மேலே இருக்கிற சின்னப் பல்லுச் சில்லை விரலால உருட்டினால் அது சுத்தும். ஆகவே இந்த லென்ஸுக்கு வெறும் வளையம் போதாது. அந்தத் திருகும் அடப்டருக்குள்ள இருக்க வேணும். அப்படிப்பட்ட அடப்டர்கள் செய்து விக்கினம், ஆனால் வெறும் வளையத்தைவிட விலை கூட. கமராவின்ர மூக்கையே அறுத்து எடுத்தால் செலவு மிச்சம். கடைக்காரர் சொன்னது அதைத்தான்.

இதுக்குப் பின்னால இருக்கிற வாதம் லேசானதில்லை. "கமரா ஒரு சாமான். படம்தான் முக்கியம். செத்த பொடியோட நல்ல லென்ஸையும் சேர்த்துப் புதைக்கிறதைவிட ஒன்றையாவது காப்பாத்துறது மேல்" என்பினம். உண்மையாகவே செத்த கமராக்கள் இருக்கு. தண்ணிக்குள்ள கிடந்து துருப்பிடிச்சு, உள்ளே ஒன்றும் அசையாத கமராவில இருந்து மூக்கை எடுக்கிறதை நாங்கள் எதிர்க்கேல்லை. எங்கட கேள்வி, செத்துப்போச்சு என்று ஆர் சொன்னது? திறந்து பார்க்காத ஆள் சொன்னால் அது மரணச் சான்றிதழ் இல்லை. கீவின்ர ஷட்டர் மேலிருந்து கீழே ஓடுற உலோகப் பட்டைகளால ஆனது. அந்தப் பட்டைகளைத் துணி நாடாக்கள் பிடிச்சுக்கொண்டிருக்கு. நாடா இத்துப்போனால் ஷட்டர் நிண்டுபோகும். நாடாவை மாத்தலாம். கஷ்டமான வேலை, பொறுமை வேணும், எல்லாருக்கும் கை வராது. ஆனால் மாத்தலாம். மூக்கை அறுத்தால் அதுக்குப் பிறகு நாடாவை மாத்தி ஒரு பிரியோசனமும் இல்லை.

இந்த வெட்டு ஏழைகளின்ர பழக்கம் மட்டும் இல்லை. கெனன் 1961ல் தன்ர 7 என்ற ரேஞ்ச்பைண்டருக்காக f/0.95 அளவுக்குத் திறக்கிற 50 மிமீ லென்ஸ் ஒன்றைச் செய்தது. இன்றைக்கு அதைப் பெருங்காசு குடுத்து வாங்கி, மவுண்டை நிரந்தரமாக மாத்தி லைக்காவில போடுறவை இருக்கினம். அதுக்குப் பிறகு அது தன்ர சொந்தக் கமராவில ஏறாது. காசிருந்தால் அதுக்கு மாற்றம் என்று பேர், காசில்லாட்டி வெட்டு என்று பேர். எங்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஏன் இவ்வளவு கத்துறம்? எங்கட வீடுகளில பழைய சாமான் குறைவு. 1995 ஒக்ரோபரில யாழ்ப்பாணத்தை விட்டு ஒரே இரவில வெளிக்கிட்ட ஆக்கள் எதைத் தூக்கினவை, எதை விட்டவை என்று உங்கட வீட்டில ஒருக்கா கேட்டுப் பாருங்கோ. எங்கட தோழியின்ர அப்பப்பா ஒரு பாணிப் போத்தலையும் அல்பங்களையும் விட்டுட்டு இந்தக் கமராவைத் தூக்கினவர். அல்பங்கள் பிறகு கிடைக்கேல்லை. அந்த வீட்டில அந்தக் காலத்தின்ர மிச்சம் இது ஒன்றுதான். அந்தக் கமராவே ஒரு இடம்பெயர்ந்த சாமான் என்பதை நாங்கள் பிறகுதான் அறிஞ்சம். ஜேர்மனியின் ட்ரெஸ்டனில கொன்டாக்ஸ் என்ற பேரில பிறந்த வடிவம் அது. போருக்குப் பிறகு அதின்ர அச்சுகளையும் இயந்திரங்களையும் இழப்பீடாகச் சோவியத் ஒன்றியம் கொண்டுபோனது. 1940களின் கடைசியில் கீவ் நகரத்து ஆர்செனல் தொழிற்சாலையில அதே கமரா புதுப் பேரில வந்தது. இவ்வளவு தூரம் முழுசாக வந்து சேர்ந்ததை எங்கட அவசரத்துக்காக வாளால அறுக்கோணுமோ?

நாங்கள் அறுக்கேல்லை. ஆளுக்குக் கொஞ்சமாக நாலு மாசம் சேர்த்து, திருகோட வாற அடப்டரை வெளிநாட்டில இருந்து எடுப்பிச்சம். நாலு மாசமும் அவள் கைத்தொலைபேசியாலதான் படம் எடுத்தாள், எங்களைத் திட்டிக்கொண்டும் இருந்தாள். அது நியாயமான திட்டுத்தான். பொறுத்திருக்கச் சொல்லுறது எப்பவும் கமரா கையில இருக்கிறவனுக்குத்தான் லேசு. அதனால இதை வெறும் அறிவுரையாக விடேலாது. அடப்டர் ஒன்று கூட்டத்துக்குப் பொதுவாக இருந்தால் ஐந்து பேர் மாறி மாறிப் பாவிக்கலாம். எங்களிட்ட இப்ப இரண்டு இருக்கு. கேட்டால் இரவல் தருவம்.

உங்கட வீட்டிலயும் ஒன்று கிடக்கலாம். இண்டைக்கே தேடிப் பாருங்கோ. தோல் உறையில இருந்து வெளியில எடுங்கோ, தோல் ஈரத்தைப் பிடிச்சு வைச்சிருக்கும், எங்கட காலநிலைக்கு லென்ஸில பூஞ்சணம் பிடிக்க அது போதும். சிலிக்கா ஜெல் பொதிகளோட இறுக்கமாக மூடுற டின்னுக்குள்ள வையுங்கோ. அடப்டர் வாங்கினால், கமராவில "லென்ஸ் இல்லாமல் ஷட்டர் அடி" என்ற அமைப்பை முதல் போட்டுவிடுங்கோ, இல்லாட்டி அடப்டர் பழுதென்று நினைச்சுத் திருப்பி அனுப்புவியள். படத்தைப் பெருப்பிச்சுப் பார்த்துக் கையால போகஸ் பண்ணுங்கோ. கமராவின்ர சொந்தக்காரர் உயிரோட இருந்தால் எதைக் கழட்டுறதுக்கும் முதல் அவரைக் கேளுங்கோ. கழட்டின ஒவ்வொரு ஆணியையும் பேர் எழுதின கடதாசியில சுத்தி வையுங்கோ.

கீவ் இப்பவும் ஷட்டர் இறுகினபடிதான் அப்பம்மாவின்ர அலுமாரியில இருக்கு. நாடா மாத்தத் தெரிஞ்ச ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறம். அதுவரைக்கும் லென்ஸ் சோனியில. ஆள் கிடைக்கிற அன்று வளையத்தைக் கழட்டினால் லென்ஸ் திரும்பத் தன்ர இடத்துக்குப் போகும். வளையத்துக்கும் வாளுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.