வாசிப்பாரும் பயன் சொல்வாரும்

இவ்விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென மலர்க்குழுவினர் பணித்தபோது, கல்லூரியின் பழம்பெருமையை மீண்டும் ஒருமுறை எடுத்தோத யாம் விரும்பவில்லை. அதனை ஏனைய பக்கங்கள் செவ்வனே செய்யும். மூத்தோரும் இளையோரும் ஓரிடத்தில் கூடியிருந்து ஒரு கருமத்தைச் செய்யும் வழக்கம் நம் குடாநாட்டில் அருகி வருகின்றது. அது பற்றிச் சில சொல்லவே விழைகின்றோம்.

எம் இளமையில் அயலிலுள்ள பிள்ளையார் கோயிலில் ஆண்டுதோறும் கந்தபுராண படனம் நிகழும். கச்சியப்ப சிவாசாரியர் இயற்றிய அந்நூல் ஆறு காண்டங்களும் 10,000க்கு மேற்பட்ட செய்யுட்களும் கொண்டது. ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிக்க, மற்றொருவர் பதம் பிரித்துப் பயன் சொல்வார். விளக்கொளியில் எழுத்துக் கூட்டுவது மூத்தோர் கண்ணுக்கு அரிதாகும். ஆதலின் வாசிப்பு மெல்ல மெல்ல இளையோர் கைக்கு வந்தது. பயன் சொல்லுதலோ மூத்தோரிடமே நின்றது. கண் ஒருவருடையது, கருத்து மற்றவருடையது. ஒருவரின்றி ஒருவர் அங்கு பயன்படார்.

யாம் முதன்முதல் வாசிக்க அமர்ந்த மாலையில் ஒரு சொல்லைத் தகாத இடத்தில் முறித்துவிட்டோம். பயன் சொன்ன பெரியவர் சபையில் எம்மைத் திருத்தவில்லை. தம் முறை வந்தபோது அச்சொல்லைச் சரியாகப் பிரித்து, சற்றே அழுத்திச் சொல்லி, மேலே சென்றுவிட்டார். கோயில் வாசல் கடந்து ஒழுங்கையில் வரும்போதுதான், "தம்பி, சொல்லை முறிக்கக் கூடாது, பிரிக்க வேணும்" என்றார். வகுப்பறையில் எத்தனையோ பகுபதங்களைப் பிரித்தெழுதியுள்ளோம். இன்று நினைவில் நிற்பது அந்த ஒழுங்கையில் கற்ற ஒன்றே. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் யாழ்ப்பாண வாழ்வைக் கந்தபுராண கலாசாரம் என்று வழங்கியதன் பொருள் நூற்பற்று மாத்திரமன்று என்பது எம் கருத்து. பேரனும் பேரனாரும் அருகருகே இருந்து ஒரே ஏட்டை நோக்கிய இருக்கை முறையும் அதனுள் அடங்கும்.

கூத்துக் களரியிலும் இம்முறையே நின்றது. அண்ணாவியார் முதியவர், ஆடுவோர் இளைஞர். காத்தவராயன் கூத்தில் காத்தான் வேடத்தை அவன் பருவத்துக்கேற்பப் பலர் அடுத்தடுத்து ஏற்று ஆடுவதைக் கண்டோர் அறிவர். சிறுவன் ஒருவன் ஆடி நிறுத்திய இடத்திலிருந்து வளர்ந்தவன் ஒருவன் தொடர்வான்.

கோயிலுக்கு வெளியே இப்பணியைச் செய்தவை வாசிகசாலைகள். 1933இல் கே. எம். செல்லப்பா அவர்கள் தம் இல்லத்திலிருந்து நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். அம்முயற்சி அடுத்த ஆண்டில் ஆஸ்பத்திரி வீதியில் ஓர் அறையில் ஏறத்தாழ 844 நூல்களோடு பொது வாசிகசாலையாக மலர்ந்தது. அங்கு இளையோரும் முதியோரும் ஒருங்கே வந்து படித்தனர். பின்னாளில் ஊர்தோறும் எழுந்த சனசமூக நிலையங்களும் இவ்வழியே நடந்தன. உள்ளே பத்திரிகை மேசை, வெளியே கரப்பந்தாட்டத் திடல். 1959இல் ஈழநாடு வெளிவரத் தொடங்கிய பின்னர், கண்பார்வை குன்றிய முதியவர்க்குப் பையன் ஒருவன் தலையங்கத்தை உரத்து வாசிப்பதும், அவர் இடையிலே மறித்து, "அந்த மந்திரி முன்னம் சொன்னது வேறை" என்று பழங்கதை விரிப்பதும் நாம் கண்ட காட்சிகள். அரசியலறிவு அங்கே காசின்றிக் கிடைத்தது. சில வேளைகளில் வாய்ச்சண்டையும் கிடைத்தது!

1981ஆம் ஆண்டு மே மாத இறுதி இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையானது. ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. அக்கொடுமைக்காக நாம் இன்றும் நெஞ்சு பதைக்கின்றோம், பதைத்தல் தகும். ஆயின் எந்தத் தீயும் தீண்டாத நூலகமொன்று நம் ஊர்தோறும் முதியோர் நெஞ்சில் இருக்கின்றது. அது மாதந்தோறும் சிறிது சிறிதாகச் சுடலைக்குச் செல்கின்றது. அதற்கு நாம் பதைப்பதில்லை.

இன்றைய நிலையை ஒளிக்காமல் சொல்வோம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கை மக்களுள் 60 வயதும் அதற்கு மேலும் ஆனோர் நூற்றுக்கு 12 பேருக்கு மேல். அத்தொகை பின்னரும் ஏறியே வருகின்றது. நம் குடாநாட்டிலோ 1983 முதல் 2009 வரை நீண்ட போர், பிள்ளைகளைக் கனடாவுக்கும் இலண்டனுக்கும் சிதறடித்தது. நாற்சார் வீட்டில் ஒரு முதியவளும் ஒரு நாயும் இருக்கக் காண்கின்றோம். மகன் அனுப்பிய கைத்தொலைபேசி உறை கழற்றாமல் அலுமாரியில் இருக்கின்றது. அதனை இயக்கக் காட்டுவார் இல்லை. அவ்வீட்டுக்கு எதிர்ப்புறத்திலேயே ஒரு மாணவன் வசிக்கின்றான். அவன் பாடசாலை விட்டதும் தனியார் கல்வி நிலையத்துக்கு ஓடி, இருள் கவிந்தபின் வீடு திரும்புகின்றான். இருவருக்குமிடையே உள்ளது பதினைந்தடி ஒழுங்கை.

சட்டம் உண்டு. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரைப் பேணுதல் பிள்ளைகளின் கடமை என்கின்றது. பேணாதோர்மீது பராமரிப்புச் சபைக்கு முறையிடவும் வழி செய்கின்றது. சோற்றுக்குச் சட்டம் போதும். பேச்சுத் துணைக்குப் போதாது.

நிகழ்ச்சிகளும் உண்டு. ஒக்ரோபர் முதலாந் திகதி முதியோர் தினம். யாம் சென்ற விழாவொன்றில் மூத்தோரை வரிசையாக அமர்த்திப் பொன்னாடை போர்த்தினர். சிறப்புரைகள் மூன்று மணி நேரம் நீண்டன. ஒருவராவது அவர்களை ஒரு கேள்வி கேட்கவில்லை. தொண்ணூறு வயதை நெருங்கிய ஓர் ஐயா எம் காதருகே, "தம்பி, எனக்கு எப்ப பேச விடுவினம்?" என்றார். உணவுப் பொதியைக் கையிற் கொடுத்து வானில் ஏற்றியனுப்பினர். அவ்விழாவின் ஏற்பாட்டாளருள் யாமும் ஒருவர் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கின்றோம். கைதடி முதியோர் இல்லம் முதலிய இடங்களுக்கு நினைவு நாள்களில் மதிய உணவு வழங்கும் வழக்கத்தையும் குறை கூறோம், அது அறமே. எனினும் உணவு கொடுத்துப் படம் எடுத்து மீளும் மாணவன் அங்குள்ள எவருடைய பெயரையேனும் அறிந்து வருகின்றானா?

பிற நாட்டார் இதனை எவ்வாறு நோக்குகின்றனர்? 1658 முதல் நம்மை ஆண்டு கோட்டை பெருப்பித்த ஒல்லாந்தரின் நாட்டிலே, தெவெந்தர் என்னும் நகரில் ஹுமானித்தாஸ் என்ற முதியோர் இல்லம் உள்ளது. பல்கலைக்கழக மாணவர் சிலர்க்கு அங்கே வாடகையின்றி அறை கொடுக்கப் பெற்றது. அதற்கு ஈடாக அவர்கள் மாதம் 30 மணி நேரம் முதியோரோடு கழித்தல் வேண்டும். பணிவிடை அவர்கள் தொழிலன்று. நல்லயலவராய் இருத்தலே தொழில். இங்கு வாடகைப் பிரச்சினை இல்லை. நேரப் பிரச்சினையே உண்டு. ஆயினும் இருபாலார்க்கும் கொடுக்கவும் கொள்ளவும் ஏதேனும் இருத்தல் வேண்டும் என்ற அவர்தம் நுட்பம் நம் புராண படனத்தில் முன்னரே இருந்தது.

மூத்தோர்க்கும் ஒரு வார்த்தை. அந்தக் காலம், அந்தக் காலம் என்று வாய் ஓயாது சொல்வதால் எவ்விளைஞனும் அருகே அமரான். அந்தக் காலம் அத்துணைத் தூயதும் அன்று. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டத்தை மறந்து நாம் பேசலாகாது. எம் கோயிற் படனத்தில் வாசித்தவரும் கேட்டவரும் ஒரு வட்டத்துக்குள்ளேயே இருந்தனர். வெளிவீதிக்கு அப்பால் நின்று கேட்டவர்க்கு ஏடு கிட்டவில்லை. பெண்களோ கேட்டனர், பயன் சொல்ல அழைக்கப்பட்டிலர். இனி நாம் கூட்டும் கூட்டம் அக்குறையையும் கூட்டி வருமாயின் அதைக் கூட்டாதிருத்தலே நன்று.

பெற்றோர் கேட்பர்: இதனாற் பரீட்சைப் புள்ளி குறையாதா? கிழமைக்கு ஒரு மணி நேரத்தாற் குறையும் புள்ளி, எம் அறிவுக்கு எட்டியவரை, எதுவுமில்லை.

பழைய மாணவர் சங்கத்துக்கு யாம் வேண்டுவது சிறிதே. கார்த்திகையில் தொடங்கி மார்கழிச் சட்டியில் முடியும் பிள்ளையார் பெருங்கதை விரதம் இருபத்தொரு நாள். சுன்னாகம் வரதபண்டிதர் இயற்றிய பிள்ளையார் கதை அந்நாள்களில் இன்றும் வாசிக்கப்படுகின்றது. முதலாண்டில் அதனையே எடுத்துக்கொள்வோம். துவிச்சக்கரவண்டித் தூரத்தில் வாழும் மூத்த பழைய மாணவர், ஆசிரியர், அவர்தம் துணைவியர் ஆகியோரின் பட்டியலொன்றை அலுவலகத்தில் வைத்தல் வேண்டும். ஒரு மூத்தவர்க்கு இரு மாணவர் என்க. மாணவர் வாசிக்கட்டும், மூத்தவர் பயன் சொல்லட்டும். கதையில் நாட்டமில்லாதவர் தோட்டத்தையோ, துலாவையோ, தாம் இடம்பெயர்ந்து நடந்த வழியையோ சொல்லட்டும். வாசிப்பு முடிந்ததும் மாணவர் அலுமாரியிலுள்ள கைத்தொலைபேசியை எடுத்து மகனின் முகத்தைக் காட்டிக் கொடுக்கட்டும். மூத்தோர் இசைந்தால் அதே கருவியில் அவர் குரலைப் பதிவு செய்யலாம். 2005 முதல் எண்ணிம நூலகம் நடத்திவரும் நூலகம் நிறுவனத்தார் வாய்மொழி வரலாறுகளையும் திரட்டி வருகின்றனர்; அவரிடம் ஒப்படைத்தல் கூடும்.

பொன்னாடை வேண்டாம். சிறப்புரை வேண்டவே வேண்டாம். பட்டியலில் முதற்பெயராக எம் பெயரை எழுதிக்கொள்ளலாம்; கண் மங்கிவிட்டது, வாசிக்க ஒரு தம்பி தேவை.