காதில் காய்ச்சி ஊற்றுவது யார்?

வேதம் ஓதுவதைக் கேட்டுவிட்ட சூத்திரன் காதில் ஈயத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்றச் சொல்கிறது கௌதம தர்ம சூத்திரம். சூத்திரனுக்கே இந்தக் கதி. ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இந்த விதியை நாம் மேடைதோறும் சொல்லி வந்திருக்கிறோம், சொல்லவும் வேண்டும். ஆனால் இன்றைக்கு நம்ம சனங்களோட காது எங்கே போகிறது என்பதை எந்த மேடையிலும் பேசுவதில்லை.

கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலத்திலிருந்தே பார்ப்போம். மலையில் விளையும் மரவள்ளிக் கிழங்கு கீழே இறங்கி சேகோ ஆலைக்குப் போகிறது. தோலுரிக்கிற மெஷினும் அரைக்கிற மெஷினும் சீசன் முழுக்க ஓடுகின்றன. அங்கிருந்து நாமக்கல் போனால் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள்: தகட்டைச் சம்மட்டியால் அடிக்கும் டிங்கரிங், கிரைண்டிங், வெல்டிங், பெயிண்டிங். திருச்செங்கோட்டுக்குப் போனால் ஊர் ஊராய்ப் போய் போர் போடும் ரிக் வண்டிகள். பள்ளிபாளையம், குமாரபாளையம் போனால் விசைத்தறி. முதலாளி வேறு வேறு. இரைச்சலுக்குப் பக்கத்தில் நிற்கிறவன் மட்டும் பெரும்பாலும் ஒருத்தன்தான். சேரியிலிருந்து போனவன், மலையிலிருந்து இறங்கியவன், இப்போது ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ரயிலேறி வந்தவன். கணக்கு எழுதும் அறைக்குக் கதவு இருக்கிறது. தறிக்கும் தறி ஓட்டுகிறவன் காதுக்கும் நடுவே என்ன இருக்கிறது?

காது எப்படிப் போகிறது? உள்காதில் ஒலியை உணர்வதற்கென்று சுமார் 15 ஆயிரம் மயிர் உயிரணுக்கள் இருக்கின்றன. அதிக இரைச்சல் அவற்றைக் கொல்கிறது. செத்தது செத்ததுதான், திரும்ப முளைக்காது. முதலில் போவது 4000 ஹெர்ட்ஸ் ஒட்டிய மேல் சுருதி. அதனால் ஆரம்பத்தில் ஆளுக்கே தெரியாது. பேச்சு காதில் விழும், சொல் விளங்காது. வலிக்காது, ரத்தம் வராது. ராத்திரி படுத்தால் காதுக்குள் வண்டு கத்துகிற மாதிரி ஒரு சத்தம். "கூப்புட்டா கேக்காத மாதிரி நடிக்கிறான்" என்பாள் வீட்டில். "செவிட்டுப் பயலே" என்பான் மேஸ்திரி. காதைக் கெடுத்த பட்டறையே அதைச் சொல்லித் திட்டவும் செய்கிறது.

இரைச்சல் மட்டும் இல்லை. பெயிண்டில் கலக்கும் தின்னரில் டொலுவின், சைலீன் போன்ற கரைப்பான்கள் இருக்கின்றன. மூச்சு வழியாக ரத்தத்தில் ஏறி உள்காதையும் கேள்வி நரம்பையும் தாக்கக்கூடியவை இவை. காரீயம், பாதரசம், கரியமோனாக்சைடு ஆகியவையும் இந்தப் பட்டியலில் உண்டு. இரைச்சலும் கரைப்பானும் ஒரே இடத்தில் சேர்ந்தால், தனித்தனியாகச் செய்வதைவிடப் பெரிய கேடு செய்யும். பாடி கட்டும் பட்டறையில் இந்தப் பக்கம் சம்மட்டி, அந்தப் பக்கம் ஸ்பிரே. ஈயத்தைக் காய்ச்சி ஊற்ற இப்போது எந்தப் பார்ப்பானும் வர வேண்டியதில்லை.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. இரைச்சலால் வரும் காது கேளாமை, தொழிற்சாலைச் சட்டத்தில் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய். 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டத்திலும் அது பட்டியலில் உண்டு. ஆனால் பழைய சட்டத்தில் மின்சாரம் பயன்படுத்தி 10 பேர் வேலை செய்தால் தொழிற்சாலை. புதியதில் 20 பேர் வேண்டும். ஆறு பேர் நிற்கும் தறிக்குடோன் அன்றைக்கும் வெளியே, இன்றைக்கும் வெளியே. பதினைந்து பேர் பட்டறையையும் இப்போது தொழிற்சாலை என்ற வரையறைக்கு வெளியே தள்ளியாயிற்று. சட்டத்துக்கும் ஒரு சேரி இருக்கிறது!

உள்ளே இருப்பவனுக்கு மட்டும் என்ன கிடைத்தது? காது போனதற்கு இழப்பீடு என்பது 1948 முதலே காகிதத்தில் இருக்கிறது. இந்தியாவில் முதல் இழப்பீடு கைக்கு வந்தது 1996இல். ஊனச் சான்று வாங்கலாம் என்றால், 2016 சட்டப்படி பேச்சுச் சுருதிகளில் இரண்டு காதிலும் 60 டெசிபல் இழப்பு வேண்டும். மேல் சுருதி போய், சொல் விளங்காமல் தடுமாறுகிறவனுக்கு அந்தச் சான்று கிடையாது.

அளவைப் பாருங்கள். அமெரிக்காவின் தொழில்நல ஆய்வு நிறுவனம் 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல் போதும் என்கிறது. நம் நாட்டு விதி 90 வரை விடுகிறது. ஐந்துதானே என்று நினைக்கக் கூடாது. ஐந்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் மூன்று மடங்காகிறது. இதுவும் 8 மணி நேரக் கணக்கு. தறியில் ஷிப்ட் 12 மணி நேரம். வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்த அம்பேத்கர் 8 மணி நேர வேலைக்காக நின்றார். 1946இல் வாரத்துக்கு 54 மணி 48 ஆனது. அது ஓய்வுக்கான உரிமை மட்டும் அல்ல, காதுக்கான உரிமையும்தான். 2023 ஏப்ரலில் தமிழக அரசு 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவை நிறைவேற்றி, எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றது. அன்றைக்கு எத்தனை பேர் காதைப் பற்றிப் பேசினோம்?

இடதுசாரித் தொழிற்சங்கம் கூலியும் போனசும் பேசும். நாம் வன்கொடுமை பேசுவோம், இட ஒதுக்கீடு பேசுவோம். இரண்டுக்கும் நடுவில் விழுந்து கிடக்கிறது நம் ஆளின் உடம்பு. பார்ப்பனியமும் முதலாளியமும் இரண்டு எதிரிகள் என்று 1938இல் மன்மாடில் ரயில்வேத் தொழிலாளர்களிடம் அம்பேத்கர் சொன்னார். இரண்டும் கைகோத்து நிற்கும் இடம் பட்டறை.

நம் வீட்டுக்குள்ளும் ஒரு கேள்வி உண்டு. சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று போராடியவர்கள் நாம். அதே பறையை இன்று மேடையில் விடுதலைக் கலையாக எடுத்திருக்கிறோம், நல்லது. மணிக்கணக்காக ஒத்திகை பார்க்கும் பிள்ளைகள் காதில் அடைப்பான் இருக்கிறதா? பஞ்சு வைத்தால் போதாது. நம் குழுவிலேயே செய்யாததை முதலாளியிடம் எப்படிக் கேட்பது?

செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். மாணவர்கள் கையில் கைபேசி இருக்கிறது. அதில் ஒலி அளக்கும் செயலி இலவசம். அது துல்லியமான கருவி அல்ல, பேச்சைத் தொடங்க உதவும். அதுவும் வேண்டாம் என்றால், கை நீட்டும் தூரத்தில் நிற்கிற ஆளிடம் கத்தித்தான் பேச வேண்டியிருந்தால் அங்கே 85 தாண்டிவிட்டது என்று எழுதிக்கொள்ளுங்கள். எந்தப் பட்டறை, எத்தனை பேர், எத்தனை மணி நேரம், என்ன தின்னர் என்று பட்டியல் போடுங்கள். அதை வைத்துக் கேட்போம்: வேலைக்குச் சேரும்போதும், பிறகு வருசா வருசமும் முதலாளி செலவில் காதுச் சோதனை, பெயிண்டிங்குக்குத் தனி அறை, புகை போக்கி, எத்தனை பேர் என்று தலையை எண்ணாமல் எவ்வளவு இரைச்சல் என்று அளந்து சட்டத்துக்குள் கொண்டுவருவது. காது அடைப்பான் கடைசியில்தான். முதலில் மெஷினின் சத்தத்தைக் குறைக்கட்டும். அதைக் கொடுத்துவிட்டுக் கை கழுவ விடக்கூடாது.

செவிடன் காதில் ஊதிய சங்கு என்று நம்மைச் சொல்லியே பழகிவிட்டார்கள். இந்த விசயத்தில் செவிடு யார் என்பதைச் சேந்தமங்கலத்தில் ஒரு பட்டறை வாசலிலிருந்து கேட்கத் தொடங்குவோம்.