கழித்த பெட்டியும் கண்ணாடி அலுமாரியும்

பழைய மின்னிசைக் கருவிகளைத் தேடிச் சேர்ப்போர், அவற்றின் ஒலியில் 'ஆன்மா' உறைவதாகக் கூறுவர். அதனை அங்கு வைத்தவர் யார் என நாம் வினவுகிறோம்.

யப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1981இல் டீபி-303 என்னும் சிறு பெட்டியை விற்பனைக்கு விட்டது. தனியே கிற்றார் பயில்வோருக்குப் பேஸ் கிற்றாரின் துணையொலி தருவதே அதன் பணி. அப்பணியை அது செவ்வனே செய்யவில்லை. 1984இல் உற்பத்தி நின்றது. பழம்பொருட் கடைகளில் மலிந்து கிடந்தது. மலிந்ததனாலன்றோ சிக்காகோவின் கறுப்பின இளைஞர் கைக்கு அது எட்டிற்று! பியூச்சர் என்னும் குழுவினர், இசை ஓடிக்கொண்டிருக்கையிலேயே அதன் குமிழ்களைத் திருகினர். தாழ்சுரம் நெளிந்தது, கீச்சிட்டது, அலறிற்று. ஆக்கியோர் எண்ணியிராத அவ்வொலியிலிருந்து 1987இல் 'அசிட் ட்ராக்ஸ்' என்னும் இசைத்தட்டு வெளிவந்தது. புதியதொரு நடன இசையே பிறந்தது.

இன்று அப்பெட்டிக்குச் சில ஆயிரம் டொலர் விலை. அவ்விலையை ஏற்றியது அவ்விளைஞரின் விரல்களே. ஆயினும், பெட்டி கைமாறுந்தோறும் இலாபம் விற்பவருக்கே. 2019இல் பெரிங்கர் நிறுவனம் மலிவான நகலொன்றை வெளியிட்டபோது, 'அசல் அன்று' என முகஞ்சுளித்தோரும் உளர்.

இசைப்பதற்காக வாங்குவோரோடு நமக்குப் பிணக்கில்லை. பூட்டி வைத்துப் பெருமை பேசுவோரையே கேட்கிறோம்: உங்கள் அலுமாரிப் பெட்டி கடைசியாக ஒலித்தது எப்போது?